மூக்கை எடுத்துட்டா மூச்சு நல்லா வருமா? ஏர் இன்டேக் கிட் பற்றி ஒரு நீளமான த்ரெட்

1/
எங்க ஹவுஸ் சர்ஜன் தம்பி ஒருத்தர் போன வாரம் மெசேஜ் பண்ணார். "சார், செகண்ட் ஹேண்ட்ல போலோ ஜிடி டிஎஸ்ஐ எடுத்திருக்கேன். 38,000 ரூபாய்க்கு கோல்ட் ஏர் இன்டேக் கிட் போடலாம்னு இருக்கேன். 15 பிஎஸ் ஏறும்னு சொல்றாங்க. போடலாமா?" அவருடைய ஒரு மாச ஸ்டைபெண்டை விட அதிகம் அந்தத் தொகை.

2/
என் பதில்: வேண்டாம் தம்பி. ஏன்னு விளக்கமா எழுதச் சொன்னார். அவரை மாதிரி நிறைய பேர் இருப்பீங்க, அதனால இங்கேயே எழுதறேன். டாக்டருக்கு இதுல என்ன வேலைன்னு கேட்கறவங்களுக்கு: மூச்சு, அடைப்பு, தேவையில்லாத ஆபரேஷன் இதெல்லாம் எங்க ஏரியாதான்.

3/
விக்கிறவங்க சொல்றதுல சரியான பகுதி முதல்ல. பெட்ரோல் ஒரு கிலோ முழுசா எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேணும். காற்று அதிகம் உள்ள போனா பெட்ரோலும் அதிகம் எரிக்கலாம், பவர் கூடும். இதுல சந்தேகமே இல்லை. கேள்வி என்னன்னா, கம்பெனி கொடுத்த ஏர் பாக்ஸ் உண்மையிலேயே காற்றைத் தடுக்குதா? எவ்வளவு?

4/
கணக்கு போடுவோம். வெளிக்காற்றோட அழுத்தம் சுமார் 101 கிலோபாஸ்கல். முழு ஆக்ஸிலரேட்டர்ல ஃபில்டரும் பாக்ஸும் சேர்ந்து 2 அல்லது 3 கிலோபாஸ்கல் தின்னுதுன்னு வைங்க. அந்தத் தடையை முழுசா, மந்திரம் போட்ட மாதிரி எடுத்துட்டாலும் டர்போ இல்லாத இன்ஜின்ல லாபம் 2 முதல் 3 சதவீதம். 100 பிஎஸ் வண்டிக்கு 3 பிஎஸ். இது உச்ச வரம்பு. 15 எங்கிருந்து வரும்?

5/
டர்போ வண்டியில கதை வேற. இன்ஜினுக்குள்ள எவ்வளவு அழுத்தம் போகணும்னு முடிவு பண்றது ஈசியூ. இன்டேக்ல தடை குறைஞ்சா டர்போவுக்குக் கொஞ்சம் வேலை மிச்சம், அவ்வளவுதான். டார்கெட் வந்ததும் ஈசியூ வேஸ்ட்கேட்டைத் திறந்து விட்டுடும். 1.2 டிஎஸ்ஐ இன்ஜினோட 105 பிஎஸ் சாஃப்ட்வேர்ல எழுதின நம்பர். குழாயை மாத்தினா அது மாறாது.

6/
வார்டு பாஷையில சொன்னா: சாச்சுரேஷன் 99 இருக்கிறவருக்கு ஆக்ஸிஜன் மாஸ்க் போட்டு, இனிமே மாடிப்படி வேகமா ஏறுவீங்கன்னு சொல்ற மாதிரி. அவருக்கு ஹீமோகுளோபின் 6 இருக்கலாம், பிரச்சனை ரத்தத்துல இருக்கு. அடைப்பு எங்கேன்னு கண்டுபிடிக்காம கண்ணுக்குத் தெரியற இடத்துல கத்தி வைக்கிறது வைத்தியம் இல்லை.

7/
இப்போ மூக்குக்கு வாங்க. நம்ம மூச்சுப் பாதையோட மொத்தத் தடையில கிட்டத்தட்ட பாதி மூக்குலதான் இருக்கு. அப்போ மூக்கு டிசைன் தப்பா? இல்லை. அந்தத் தடையைக் கொடுத்துதான் தூசி வடிகட்டறது, ஈரப்பதம் சேர்க்கறது, காற்றை உடம்புச் சூட்டுக்குக் கொண்டு வர்றது எல்லாம் வாங்கறோம். மூக்குக்குள்ள இருக்கற டர்பினேட்டை அளவுக்கு மீறி வெட்டி எடுத்த சிலருக்கு, பாதை அகலமா இருந்தும் மூச்சு முட்டற உணர்வு வருது. அகலம் மட்டும் போதாது.

8/
"ஓடும்போது வாயால மூச்சு விடறோமே?" நல்ல கேள்வி. நிமிஷத்துக்கு சுமார் 35-40 லிட்டர் தாண்டினா மூக்கு மட்டும் போதாது, வாய் திறக்கும். அதே மாதிரி பெரிய டர்போ, ரீமேப்னு போய் காற்றுத் தேவையே எகிறின வண்டிக்கு ஸ்டாக் பாக்ஸ் நிஜமாவே தடையாகலாம். அங்கே இன்டேக் மாத்தறது நியாயம். முதல்ல தேவை, அப்புறம் இன்டேக்.

9/
இன்டேக்கால பவர் கூடாதுன்னு நான் சொல்லல. பிஎம்டபிள்யூ 2003-ல விட்ட இ46 எம்3 சிஎஸ்எல்லுக்கு பெரிய கார்பன் ஏர் பாக்ஸ் கொடுத்தாங்க. சாதாரண எம்3 343 பிஎஸ், இது 360. ஆனா கேம்ஷாஃப்ட், எக்ஸாஸ்ட், சாஃப்ட்வேர் எல்லாம் சேர்த்து மாத்தினதுக்கு வந்த 17 பிஎஸ் அது. முன் பம்பர்ல தனியா ஓட்டை போட்டு, வெளிக்காற்றை மூடின பாக்ஸுக்குள்ள கொண்டு வந்தாங்க. பானெட்டுக்குள்ள திறந்த கோன் ஃபில்டரைத் தொங்க விடல.

10/
நம்ம ஊர்ல விக்கற நிறைய "கோல்ட் ஏர்" கிட்ல கோல்டே கிடையாது. பாக்ஸைக் கழட்டிட்டு இன்ஜின் பக்கத்துல கோன் ஃபில்டர். காற்று சுமார் 3 டிகிரி சூடானா அடர்த்தி 1 சதவீதம் குறையும். மே மாசம் கத்திப்பாராவுல டிராஃபிக்ல நிக்கறப்ப வெளியே 35 டிகிரி, பானெட்டுக்குள்ள 60-ன்னு வைங்க. அடர்த்தி 7 சதவீதத்துக்கு மேல போச்சு. 3 சம்பாதிக்கப் போய் 7 தொலைச்சாச்சு. ஸ்டாக் குழாய் கிரில் பக்கம் மூக்கை நீட்டிட்டு இருக்கறது சும்மா இல்லை.

11/
டர்போ வண்டிக்கு இன்டர்கூலர் கொஞ்சம் காப்பாத்தும். ஆனா சூடா உள்ளே போனா சூடாதான் வெளியே வரும். நாக்கிங் வரும்னு பயந்து ஈசியூ இக்னிஷனைப் பின்னாடி தள்ளும். பவர் குறையும். நீங்க கொடுத்த காசுக்கு.

12/
"வேகமா போனா காற்று தானா திணிக்கும் சார்." அதுக்கும் கணக்கு இருக்கு. 100 கிலோமீட்டர் வேகத்துல அதிகபட்சம் 0.46 கிலோபாஸ்கல், அரை சதவீதம் கூட இல்லை. 200-ல 1.85. ஈசிஆர்ல 200 போறவருக்கு இன்டேக் வேண்டாம், கவுன்சிலிங் வேணும்.

13/
எனக்கு உண்மையிலேயே கோபம் வர்ற இடம் தூசி. ஒரே சைஸ் ஃபில்டர்ல காற்று தாராளமா போகணும்னா, பெரும்பாலும் நுண்தூசியும் தாராளமா போகும். நம்ம ரோட்டுத் தூசியில சிலிக்கா உண்டு. அது சிலிண்டர் இரும்பை விடக் கடினமானது. ரிங்கையும் போரையும் மெதுவா அரைக்கும்.

14/
கல் குவாரியில வேலை பார்த்தவங்க நுரையீரல் எக்ஸ்ரே பார்த்திருக்கேன். அதே சிலிக்கா. முதல் வருஷம் ஒண்ணும் தெரியாது. வண்டியும் அப்படித்தான். ரெண்டாவது ஓனர் கையில ஆயில் குடிக்க ஆரம்பிக்கும்போது இன்டேக் வித்தவர் போனை எடுக்க மாட்டார். சந்தேகம் இருந்தா பழைய ஆயிலை லேப்ல கொடுத்து சிலிக்கான் அளவு பாருங்க, வண்டிக்கான பிளட் டெஸ்ட் அது.

15/
எண்ணெய் தடவற காட்டன் ஃபில்டர்ல இன்னொரு தொல்லை. எண்ணெய் அதிகமானா மாஃப் சென்சாரோட சூட்டுக் கம்பியில படியும். காற்றுக் கணக்கு தப்பும், செக் இன்ஜின் லைட் எரியும். அப்புறம் வாரண்டி க்ளெய்முக்கு சர்வீஸ் சென்டர்ல நின்னு கெஞ்சணும்.

16/
மழை. உண்மையான கோல்ட் ஏர் கிட் சிலதுல ஃபில்டர் பம்பருக்குள்ள கீழே உட்காரும். நவம்பர்ல சப்வேல தண்ணி நிக்கும்போது அது ஸ்ட்ரா போட்டு உறிஞ்சும். காற்றை அமுக்கலாம், தண்ணியை அமுக்க முடியாது. கனெக்டிங் ராட் வளையும். அனஸ்தீசியா நண்பர் ஒருத்தருக்கு நடந்துச்சு. இன்ஜின் பில் வந்த அன்னிக்கு மயக்க ஊசி அவருக்குத்தான் தேவைப்பட்டது.

17/
"நான் போட்டிருக்கேன் சார், வித்தியாசம் நல்லாத் தெரியுது." தெரியும். சத்தத்தை அடக்கற பாக்ஸைக் கழட்டிட்டீங்க, உறுமல் கேட்குது, வேகமா போற மாதிரி இருக்கு. காசு கொடுத்தவரே நோயாளி, அவரே ஜட்ஜ். இதை நாங்க பிளாசிபோன்னு சொல்வோம்.

18/
டைனோ ஷீட் காட்டினா மூணு கேள்வி கேளுங்க. ரெண்டு ரன்னும் ஒரே நாளா? உள்ளே போற காற்றோட வெப்பம் என்ன? பானெட்டைத் திறந்து வெச்சு முன்னாடி ஃபேன் போட்டீங்களா? மூணாவது கேள்விக்கு நிறைய பேர் பேச்சை மாத்துவாங்க.

19/
சத்தம் பிடிச்சிருக்கா? சத்தத்துக்குன்னு சொல்லியே வாங்குங்க, எனக்குச் சண்டையே இல்லை. மியூசிக் சிஸ்டத்துக்கு செலவு பண்ற மாதிரி. பவருக்குன்னு ஏமாந்து வாங்காதீங்க.

20/
அந்த 38,000-ஐ என்ன பண்ணலாம்? புது ஸ்டாக் ஃபில்டர், ஸ்பார்க் பிளக். பிரேக் ஃப்ளூயிட் ரெண்டு வருஷம் ஆச்சுன்னா மாத்துங்க, அது காற்றுல இருக்கற ஈரத்தை இழுக்கும். பிரேக் பேட் பாருங்க. டயர் பக்கவாட்டுல நாலு இலக்கம் இருக்கும். 2319-ன்னா 2019-ம் வருஷம் 23-வது வாரம் செஞ்சது. மிச்சம் இருந்தா இருங்காட்டுக்கோட்டைல ஒரு ட்ராக் டே.

21/
கேஷுவால்டியில நைட் ட்யூட்டி பார்த்த வருஷங்கள்ல, 3 பிஎஸ் குறைஞ்சதால அடிபட்டு வந்தவர் ஒருத்தரையும் பார்க்கல. வண்டி நிக்காம வந்தவங்களைக் கணக்கு வெக்க முடியல.

22/
தம்பிகிட்ட டயர் போட்டோ கேட்டேன். நம்பர் 1117. நாலும் அப்படியே. நேத்து மாத்திட்டார், இன்டேக்கை இப்போதைக்கு விட்டுட்டார். மாற்றுக் கருத்து இருந்தா தாராளமா வாங்க, ஆனா டைனோ ஷீட்டோட வாங்க. பானெட் மூடி எடுத்தது.