வீதிக்கு அடியில்

கழிவுப்பொருளை வீதியின் அடிநிலத்தில் இடலாம் என்கிறார்கள். உண்மைதான். டில்லியில் காஸிப்பூர்க் குப்பைமேட்டின் பழங்கழிவு தரம் பிரிக்கப்பட்டு நெடுஞ்சாலைக்குக் கீழே சென்றிருக்கிறது. உடைந்த கொங்கிரீட்டும் செங்கல்லும் சலித்து இறுக்கப்பட்டால் பாரம் தாங்கும். விஞ்ஞானத்தை நாம் மறுக்கவில்லை.

ஆனால் கொஸ்லந்த மலைச்சரிவு. இங்கே வீதியின் முதற் பகைவன் நீர். வடிகாலின்றி நிரப்பிய மேடு மழையைக் குடித்துக் கனத்துச் சரியும். தரம் பிரிக்காத குப்பையின் கசிவோ லயத்து மக்களின் பீலித் தண்ணீரில் கலக்கும்.

2005இலும் 2011இலும் மீரியபெத்தைக்கு எச்சரிக்கை வந்தது. 2014 ஒக்டோபர் 29 காலை மண் லயங்களை மூடியது. அறிவு இருந்தது, பாதுகாப்பான வீடு இருக்கவில்லை.

ஆகவே கேட்கிறோம்: முதலில் மண் பரிசோதனை, அடுத்து வடிகால், பிறகே கழிவு. சிக்கனம் பொருளில் இருக்கட்டும். தோட்டத் தொழிலாளியின் உயிரில் வேண்டாம்!