வண்ணம் தீட்டிய தீவு

சிங்கப்பூர் என்னும் பெயரில் இரண்டு தீவுகள் உள்ளன. ஒன்று நாம் வாழ்வது. மற்றொன்று நம் மாணவர்கள் வண்ணப் பென்சிலால் தீட்டுவது. இரண்டாவது தீவை 1819ஆம் ஆண்டில் ஒரே மனிதர் படைத்தாராம். படைத்த கையோடு சீனர்க்கு ஒரு மூலை, மலாய்க்காரர்க்கு ஒரு மூலை, தமிழர்க்குச் சிராங்கூன் சாலை எனப் பங்கிட்டும் தந்தாராம். இதனைப் பிழையின்றி ஒப்பிக்கும் பிள்ளையை நாமும் தட்டிக்கொடுக்கிறோம். ஆசிரியப் பெருமக்களே, அது கற்பனைத் தீவு!

படைத்த கதையை முதலில் பார்ப்போம். 1819 பிப்ரவரி 6ஆம் நாள் இராஃபிள்ஸ் சுல்தான் உசேனோடும் தெமெங்கோங் அப்துல் ரகுமானோடும் ஒப்பந்தம் செய்துகொண்டார். ஆளில்லாத தீவில் யாரோடு ஒப்பந்தம் செய்வது? இது ஒன்றே போதும், மேலே செல்வோம்.

பங்கீட்டுக் கதைதான் நம்மைச் சுடுவது. 1822இல் இராஃபிள்ஸ் ஒரு நகரக் குழுவை அமைத்தார். அதன் பயனாக ஜேக்சன் என்னும் பொறியாளர் ஒரு நகரப் படம் வரைந்தார். அது நகரம் இருந்த நிலையைக் காட்டிய படமன்று. இருக்க வேண்டுமென அதிகாரிகள் விரும்பிய நிலையைக் காட்டியது. அதிலும் சூலியர் குடியிருப்பு ஆற்றோரத்தில்தான் குறிக்கப்பட்டது; சிராங்கூன் சாலையிலன்று!

மக்களோ அந்தக் கோடுகளுக்குள் அடங்கவில்லை. சைனாடவுன் என்று இன்று நாம் அழைக்கும் பகுதியின் நடுவே, சவுத் பிரிட்ஜ் சாலையில், தமிழ் முசுலிம்கள் 1826இல் ஜாமிஆ பள்ளிவாசலைத் தோற்றுவித்தனர். மறு ஆண்டே சில எட்டுத் தொலைவில் மாரியம்மன் கோயில் எழுந்தது. அதனை நிறுவிய நாராயண பிள்ளை, 1819இலேயே பினாங்கிலிருந்து இராஃபிள்சோடு வந்தவர். கோயிலை ஒட்டிய தெருக்கள் பகோடா ஸ்திரீட், டெம்பிள் ஸ்திரீட்; பள்ளிவாசலை ஒட்டியது மோஸ்க் ஸ்திரீட். சைனாடவுனின் மூன்று தெருக்களுக்குப் பெயர் வாங்கித் தந்தவை தமிழர் எழுப்பிய இரு வழிபாட்டிடங்கள்! தெலுக் ஆயர் தெருவில் நாகூர் தர்காவும் சீனரின் தியான் ஹோக் கெங் கோயிலும் அண்டை வீட்டாரைப் போல் நிற்கின்றன.

சிராங்கூன் பக்கம் வாருங்கள். அங்கே கெர்பாவ் சாலையில் 1900ஆம் ஆண்டில் எழுந்த டான் டெங் நியாவின் வீடு நிற்கிறது. சாலைப் பெயர் மலாய், பொருள் எருமை, வீட்டுக்காரர் சீனர், இடம் லிட்டில் இந்தியா! எந்த வண்ணப் பென்சிலை எடுப்பது?

1989ஆம் ஆண்டு ஒரு விந்தையைக் கண்டது. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் எல்லா இனத்தாரும் கலந்து வாழ வேண்டுமென விதி வந்தது அவ்வாண்டில். சைனாடவுன், கம்போங் கிளாம், லிட்டில் இந்தியா என்னும் பெயர்களோடு மரபுப் பகுதிகள் அறிவிக்கப்பட்டதும் அவ்வாண்டில்தான். பழங்கட்டடங்களைக் காத்தமைக்கு நன்றி. எனினும் அப்பெயர்களையே வரலாறாகக் கொள்ளல் தகுமோ?

"சிறுவர்க்கு எளிமையாகச் சொல்ல வேண்டாமா?" என்பர். எளிமை வேறு, பொய் வேறு. தமிழனின் இடம் சிராங்கூன் மட்டுமே என்று கற்ற பிள்ளை, தன் முன்னோர் எழுப்பிய மாரியம்மன் கோயிலுக்கே வேற்றிடத்து விருந்தாளியாகப் போவான். அதற்கு நாமா வழிகாட்டுவது?

அடுத்த பாடவேளைக்கு வரைபடத்தைச் சுருட்டி வையுங்கள். மாணவர்களைப் பகோடா ஸ்திரீட்டின் முனையில் நிறுத்தி, அண்ணாந்து கோபுரத்தைப் பார்க்கச் செய்து, தெருவுக்கு இப்பெயர் எப்படி வந்தது என்று கேளுங்கள்.