கல்யாணம் காத்திருக்கும், கலாசாலை காத்திருக்காது!

"இருபத்துமூன்று வயசாகிவிட்டது. இன்னும் பெண்ணைக் கட்டிக் கொடுக்காமல் படிக்க அனுப்பிக் கொண்டிருக்கிறார்களே, இது அடுக்குமா?"

முஸ்லிம் மக்கள் வாழும் தெருக்களில் இன்று அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. பட்டப்படிப்பை முடிக்க வேண்டும், ஒரு வேலையில் உட்கார வேண்டும், அதற்குப் பிறகுதான் நிக்காஹ் என்று சொல்லும் பெண்கள் பெருகி வருகிறார்கள். "திமிர்" என்கிறார் ஒருவர். "காலம் கெட்டுவிட்டது" என்கிறார் மற்றொருவர். ஜமாஅத்துப் பெரியவர் தலையை ஆட்டுகிறார். மாப்பிள்ளை வீட்டார் முகத்தைச் சுளிக்கிறார்கள்.

நாம் சொல்கிறோம்: அந்தப் பெண் கேட்பது நியாயம். உழைக்கும் மக்கள் அவள் பக்கம் நிற்க வேண்டும்.

"இது முஸ்லிம் வீட்டு விவகாரம். மில் தொழிலாளிக்கும் வயலில் நாற்று நடுகிறவளுக்கும் இதில் என்ன வேலை?" என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். வேலை இருக்கிறது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கணக்கு என்ன சொல்கிறது?

முஸ்லிம் மக்களின் நிலையை ஆராய 2005-ல் நீதிபதி ராஜீந்தர் சச்சார் தலைமையில் ஒரு கமிட்டி போடப்பட்டது. 2006 நவம்பரில் அது அறிக்கை கொடுத்தது. ஆறு முதல் பதினாலு வயதுக்குட்பட்ட முஸ்லிம் குழந்தைகளில் நாலில் ஒன்று பள்ளிக்கூடமே போகவில்லை, அல்லது பாதியில் நின்றுவிட்டது என்று அந்த அறிக்கை சொன்னது. 2001 ஜனத்தொகைக் கணக்குப்படி முஸ்லிம் பெண்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் சரிபாதிதான்.

இன்று என்ன நிலை? 2021-22-ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, நாடெங்கும் சுமார் 21 லட்சம் முஸ்லிம் மாணவர்கள் உயர்கல்வி பயில்கிறார்கள். இவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் பெண்கள்! கூட்டிப் பெருக்கத் தெரிந்த தாய் இல்லாத வீட்டிலிருந்து விஞ்ஞானம் படிக்கும் மகள் புறப்பட்டுவிட்டாள்.

ஆனால் இதில் மயங்கிவிடவும் கூடாது. 2011 கணக்குப்படி நாட்டு மக்களில் நூற்றுக்குப் பதினாலு பேர் முஸ்லிம்கள். உயர்கல்வியில் அவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை. இவ்வளவு குறுகலான வாசலில் முண்டியடித்து உள்ளே போன ஒரு பெண்ணை, "வா, பந்தலுக்கு நேரமாகிவிட்டது" என்று கையைப் பிடித்து வெளியே இழுப்பது என்ன நீதி?

பீடித் தட்டில் உட்கார்ந்தபோது வராத கோபம்

"பெண் வேலைக்குப் போனால் குடும்பம் என்னாவது?" என்று கேட்கிறார்கள். நாம் திருப்பிக் கேட்கிறோம்: ஏழை முஸ்லிம் பெண் என்றைக்கு வேலை செய்யாமல் இருந்தாள்?

மேலப்பாளையம் போய்ப் பாருங்கள். பேர்ணாம்பட்டு, குடியாத்தம் பக்கம் போய்ப் பாருங்கள். இலை வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, நூல் கட்டி, கழுத்தும் கண்ணும் நோகப் பொழுதெல்லாம் பீடி சுற்றுகிறவள் யார்? ஆம்பூரில் செருப்புத் தொழிற்சாலை வாசலில் சங்கு ஊதியதும் உள்ளே நுழைகிறவள் யார்? அவள் உழைத்தபோது குடும்பம் கெட்டுவிடும் என்று யாரும் சொல்லவில்லை. கம்பெனி ஏஜெண்டு பீடியை எண்ணி வாங்கி, "இது சொத்தை, அது சொத்தை" என்று கழித்துக் கூலியைப் பிடித்தபோது எந்த மானமும் போகவில்லை.

அவள் மகள் பட்டம் வாங்கி, மாதச் சம்பளமும் பிராவிடண்ட் பண்டும் பிரசவ லீவும் உள்ள வேலை கேட்கும்போது மட்டும் மானம் நினைவுக்கு வருகிறது! பெண் வேலை செய்வதில் இவர்களுக்கு ஆட்சேபம் இல்லை. அவள் தன் கூலியைத் தானே எண்ணி வாங்குவதில்தான் ஆட்சேபம்.

மார்க்கத்தின் பெயரால் சொல்லப்படுவது

"மார்க்கம் சீக்கிரம் முடிக்கச் சொல்கிறது" என்று சிலர் வாயடைக்கப் பார்க்கிறார்கள். மார்க்க விளக்கம் சொல்வது நம் வேலை அல்ல. ஆனால் அந்தச் சட்டத்தில் நிக்காஹ் ஓர் ஒப்பந்தம் என்பதும், பெண்ணின் சம்மதம் கேட்கப்பட வேண்டும் என்பதும், மாப்பிள்ளைதான் பெண்ணுக்கு மஹர் தர வேண்டும் என்பதும் ஊரறிந்த விஷயம். நடப்பது என்ன? கைக்கூலி என்றும் சீர் என்றும் பெயர் வைத்து, பெண் வீட்டாரிடம் நகையும் ரொக்கமும் பேரம் பேசப்படுகிறது. மஹர் பெயரளவில் நிற்கிறது. இதை எதிர்த்து முஸ்லிம் சமூகத்துக்குள்ளேயே பலர் குரல் கொடுத்து வருகிறார்கள். அவர்களுக்கு நம் ஆதரவு உண்டு.

வயசு ஏற ஏறக் கைக்கூலி ஏறும் என்ற பயத்தில்தான் ஏழைத் தகப்பன் அவசரப்படுகிறான். பெண்ணின் படிப்பு அவன் கண்ணுக்குக் கசக்கவில்லை. கடன்தான் அவனை விரட்டுகிறது. ஆகவே அவனைத் திட்டிப் பிரயோசனமில்லை. கைக்கூலி கேட்கிறவனை ஊர் நடுவே நிறுத்திக் கேள்வி கேட்க வேண்டும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. பையன்கள் பள்ளிப்படிப்போடு வளைகுடா நாடுகளுக்கு விமானம் ஏறிவிடுகிறார்கள். பெண்கள் பட்டம் வாங்குகிறார்கள். "பெண்ணுக்குப் படிப்பு அதிகம், மாப்பிள்ளை அமையவில்லை" என்று பேச்சு எழுகிறது. உயரம் பொருந்தவில்லை என்று வளர்ந்தவளின் தலையையா வெட்டுவது? பையனையும் படிக்க வையுங்கள். தன்னைவிட அதிகம் படித்தவளோடு சமமாக வாழவும் அவனுக்குக் கற்றுக் கொடுங்கள்.

முதலைக் கண்ணீர்

இனி மறுபக்கம். "முஸ்லிம் பெண்களுக்கு விடுதலை தருகிறோம்" என்று மேடையில் கண்ணீர் வடிக்கும் மத்திய சர்க்கார் என்ன செய்தது?

ஆராய்ச்சிப் படிப்புக்காக 2009-ல் தொடங்கப்பட்ட மௌலானா ஆசாத் பெயரிலான உபகாரச் சம்பளம், 2022-ல் நிறுத்தப்பட்டது. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை சிறுபான்மைக் குழந்தைகளுக்குக் கிடைத்து வந்த உதவித்தொகையும் அதே ஆண்டில் வெட்டப்பட்டது. கர்நாடகத்தில் 2022 பிப்ரவரியில், அன்றைய பா.ஜ.க. சர்க்காரின் உத்தரவால், தலையில் துணி போட்ட காரணத்துக்காக மாணவிகள் கல்லூரி வாசலில் தடுக்கப்பட்டார்கள். பலர் பரீட்சை எழுத முடியாமல் போயிற்று. வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போய், 2022 அக்டோபரில் இரு நீதிபதிகளும் இரு வேறு தீர்ப்புச் சொன்னார்கள்.

பெண்ணின் தலைத்துணியை முடிவு செய்ய ஜமாஅத்துக்கும் உரிமை இல்லை, சர்க்காருக்கும் உரிமை இல்லை. அவள் தலையில் துணி இருக்கட்டும், இல்லாமல் போகட்டும். கையில் புத்தகம் இருக்க வேண்டும். அதுதான் நமக்கு முக்கியம்.

2021 டிசம்பரில் பெண்ணின் கல்யாண வயதை 18-லிருந்து 21 ஆக்க பார்லிமெண்டில் ஒரு மசோதா கொண்டுவந்தார்கள். அது நிறைவேறாமலே 2024-ல் காலாவதியாயிற்று. சட்டத்தில் எண்ணை மாற்றினால் போதுமா? பள்ளிக்கூடம், விடுதி, பஸ், உதவித்தொகை, வேலை ஆகியவற்றைக் கொடுங்கள். பெண் தானாகவே காத்திருப்பாள்.

"அவர்கள் பிள்ளை பெற்றுப் பெருகுகிறார்கள்" என்று வகுப்புவாதிகள் விஷம் கக்குகிறார்களே, அதற்கும் கணக்கே பதில் சொல்கிறது. ஒரு முஸ்லிம் பெண்ணுக்குச் சராசரிப் பிள்ளைகள் 1992-93-ல் 4.4, 2019-21-ல் 2.4. படிப்பு ஏற ஏறப் பிள்ளைப்பேறு குறைகிறது. இது எல்லா மதத்துக்கும் பொது.

மில் தொழிலாளியே, உன் வீட்டுக் கதையும் இதுதான்

கோவை, திருப்பூர், திண்டுக்கல் பக்கத்து நூல் மில்களில் "சுமங்கலித் திட்டம்" என்று ஒன்று பரவியதை நீங்கள் அறிவீர்கள். ஏழைப் பெண்ணை மூன்று வருஷம் மில் விடுதியில் அடைத்து வைத்து, குறைந்த கூலிக்கு ஷிப்ட் மாற்றி ஷிப்ட் வேலை வாங்கி, முடிவில் கல்யாணச் செலவுக்கு ஒரு தொகை தருவதாக ஆசை காட்டினார்கள். நடுவில் உடம்பு முடியாமல் போனவளுக்கு அந்தத் தொகையும் கைக்கு வரவில்லை.

அவளுக்கும் கல்யாணம் தள்ளித்தான் போயிற்று. எதற்காக? வரதட்சணை சேர்க்க. லாபம் யாருக்கு? முதலாளிக்கு. கலாசாலைப் பெண்ணுக்கும் கல்யாணம் தள்ளிப் போகிறது. எதற்காக? தன் காலில் நிற்க. இரண்டும் தாமதம்தான், இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். முஸ்லிம் பெண் இன்று வெல்வது, நாளை பண்ணையாள் மகளுக்கும் மில் தொழிலாளி மகளுக்கும் வழி திறக்கும்.

தமிழ்நாட்டிலேயே ஒரு பாடம் இருக்கிறது. ஏழைப் பெண்ணின் கல்யாணத்துக்கு உதவ மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் 1989-ல் ஒரு திட்டம் வந்தது. 2022-ல் அது உயர்கல்வித் திட்டமாக மாற்றப்பட்டு, அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி சேரும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் தரப்படுகிறது. தாலிக்குப் போன பணம் புத்தகத்துக்குத் திரும்பியது நல்ல மாற்றம். தொகை போதாது, கூட்டக் கேட்போம்.

முன்னே நடந்தவர்கள்

அலிகாரில் 1905-ல் பிறந்த ரஷீத் ஜஹான், டெல்லியில் வைத்தியம் படித்து டாக்டரானார். ஏழைப் பெண்களுக்கு மருத்துவம் பார்த்தார், கதை எழுதினார், கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்து உழைத்தார். 1934-ல் கல்யாணம் செய்தபோது அவருக்கு வயது 29. அந்தக் காலத்தில்!

பத்தனம்திட்டாவில் 1927-ல் பிறந்த பாத்திமா பீவி, சட்டம் படித்து 1950-ல் வக்கீலானார். 1989-ல் சுப்ரீம் கோர்ட்டின் முதல் பெண் நீதிபதி ஆனார். கடைசி வரை கல்யாணமே செய்துகொள்ளவில்லை. பதினாறு வயதில் அவரைக் கட்டிக் கொடுத்திருந்தால் நாடு ஒரு நீதிபதியை இழந்திருக்கும்.

நாம் செய்ய வேண்டியது

படித்த பெண்ணுக்கு வேலை கிடைக்காவிட்டால் இத்தனை பேச்சும் வீண். "படித்து என்ன கண்டாய்?" என்ற ஒரு கேள்வி, தங்கைமார் அத்தனை பேரின் படிப்பையும் நிறுத்திவிடும். ஆகவே நம் கோரிக்கைகள் தெளிவாக இருக்கட்டும்:

வெட்டப்பட்ட உபகாரச் சம்பளங்களை மத்திய சர்க்கார் திரும்பத் தர வேண்டும். காலியாகக் கிடக்கும் சர்க்கார் வேலைகளை நிரப்ப வேண்டும். ஊர்தோறும் மாணவிகளுக்கும் வேலைக்குப் போகும் பெண்களுக்கும் விடுதி வேண்டும். மதம் கேட்டு வீடு மறுக்கும் நகரங்களில் இது அவசர அவசியம். பீடித் தொழிலாளியின் கூலியும் நல நிதியும் உயர வேண்டும். தாயின் கூலி உயர்ந்தால்தான் மகளின் படிப்பு நிற்காது.

இவற்றை மாதர் சங்கம் மட்டும் கேட்டால் போதாது. தொழிற்சங்கக் கூட்டத்தில் கேளுங்கள். விவசாயத் தொழிலாளர் சங்க மாநாட்டில் தீர்மானமாகப் போடுங்கள். பக்கத்து வீட்டு அத்தா, "என்ன அண்ணே, பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கட்டுமா?" என்று உங்களிடம் யோசனை கேட்டால், "பரீட்சை முடியட்டும் பாய், வேலையும் கிடைக்கட்டும், அவளையே ஒரு வார்த்தை கேளுங்கள்" என்று சொல்லுங்கள். அந்த வீட்டில் கடன் நெருக்கினால், பரீட்சைக் கட்டணத்துக்குக் கிளைத் தோழர்கள் உண்டியல் எடுத்துச் செல்லுங்கள்.

கல்யாணம் எந்த வயசிலும் நடக்கும். கலாசாலை வாசல் ஒருமுறை மூடினால் ஏழை வீட்டுப் பெண்ணுக்கு மறுபடி திறப்பதில்லை. அந்தக் கதவைத் திறந்தே பிடித்திருக்க, உழைத்து உரமேறிய நம் கைகளும் வேண்டும்.