வீட்டு நலம்: சுடுதண்ணீர் ஏன் சுடுவதில்லை?

மாரி தொடங்கிவிட்டால் இந்தப் பக்கத்துக்கு வரும் கேள்விகளும் மாறிவிடும். கோடையில் குளிர்சாதனப் பெட்டியைப் பற்றிக் கேட்கும் நம் சகோதரிகள், கார்த்திகை மார்கழியில் ஹீட்டரைப் பற்றிக் கேட்கிறார்கள். வாவிக்கும் கடலுக்கும் இடையிலே மணல் திட்டாகக் கிடக்கும் நமது ஊர்களில் குளிர் என்று பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லைதான். ஆனாலும் வாடைக்காற்று வீசும் சுபஹு நேரத்தில் ஒளுச் செய்யும் மூத்தம்மாவிடமும், பிள்ளை பெற்றுப் பத்து நாளான மகளிடமும் அப்படிச் சொல்லிப் பாருங்கள்!

மகளுக்குச் சீதனமாகக் கொடுக்கும் வீட்டில் இப்போது ஹீட்டரும் ஒரு கட்டாயப் பொருளாகிவிட்டது. சுவரில் அழகாகத் தொங்குகிறது. சிவப்பு விளக்கும் எரிகிறது. குழாயைத் திறந்தால் வருவதோ வெதுவெதுப்பான தண்ணீர். உடனே, "சாமான் பழுது, புதிது வாங்குங்கள்" என்று சொல்ல ஆட்கள் வந்துவிடுவார்கள். அவசரப்பட வேண்டாம். பல வீடுகளில் ஹீட்டரில் ஒரு குறையும் இருப்பதில்லை.

முதலில், உங்கள் வீட்டில் இருப்பது எந்த வகை என்று பாருங்கள். தண்ணீரைத் தன்னுள்ளே தேக்கிச் சூடாக்கும் தாங்கி வகை ஒன்று. தண்ணீர் ஓட ஓடச் சூடாக்கும் ஷவர் ஹீட்டர் மற்றொன்று. இரண்டின் நோயும் வேறு, மருந்தும் வேறு.

தாங்கி வகையில், தொடக்கத்தில் நல்ல சூடாக வந்து பிறகு ஆறிப்போனால் அது பழுதல்ல. சூடான தண்ணீர் தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான். 30 லீற்றர் தாங்கியில் 60 பாகைச் சூட்டில் தண்ணீர் இருந்தால், 26 பாகைக் கிணற்று நீரோடு கலந்து குளிக்கும் பதத்தில் ஏறக்குறைய 70 லீற்றர் கிடைக்கும். பெரிய வாளியால் நாலு வாளி. தாயும் பிள்ளையும் குளித்து, பிறகு வாப்பாவும் ஷவரின் கீழ் நின்றால் மிஞ்சுவது என்ன? 1500 வாட் கம்பி அந்த 30 லீற்றரை மறுபடி சூடாக்க முக்கால் மணித்தியாலம் எடுக்கும். ஆளுக்கு ஆள் இடைவெளி விட்டுக் குளிப்பதுதான் இதற்கு வைத்தியம்.

தொடக்கத்திலிருந்தே இளஞ்சூடாக வந்தால்தான் தேடிப் பார்க்க வேண்டும். சூட்டை நிறுத்தும் திருகு குறைத்து வைக்கப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அடுத்து குழாய்கள். தண்ணீர் உள்ளே போகும் வாயில் நீல வளையமும், வெளியே வரும் வாயில் சிவப்பு வளையமும் இருக்கும். நிற்கும் தாங்கிகளில் குளிர்ந்த நீர் அடியில் நுழைய வேண்டும்; மேலே மிதக்கும் சூடான நீரை உள்ளே நிமிர்ந்து நிற்கும் ஒரு குழாய் எடுத்து வெளியே விட வேண்டும். பைப் பாஸ் இரண்டையும் மாற்றிப் பூட்டிவிட்டால் குளிர்நீர் மேலே கொட்டிச் சூட்டைக் கலக்கும். அடியிலிருக்கும் ஆறிய நீர் வெளியே வரும். வீடு குடிபுகுந்த நாளிலிருந்தே சுடவில்லை என்பவர்கள் இதை முதலில் பார்க்கட்டும்.

"போன மாதம்வரை நன்றாகத்தான் இருந்தது" என்பவர்கள் வேறோரிடத்தில் பார்க்க வேண்டும். குளியலறையில் சூடும் குளிரும் கலக்கும் குழாய் இருக்கிறதல்லவா? அதன் நுனியில் விரலால் அழுத்தும் கைஷவர் பூட்டியிருப்பார்கள். பிள்ளைகள் குளித்துவிட்டு விரலை மட்டும் எடுத்துவிட்டுப் போவார்கள். இரண்டு திருகுகளும் திறந்தபடியே கிடக்கும். வெளியே ஒரு சொட்டும் வராது. ஆனால் உள்ளே குளிர்க் குழாயும் சூட்டுக் குழாயும் ஒன்றாகிவிடுகின்றன. நீங்கள் வேறிடத்தில் சுடுதண்ணீரைத் திறந்ததும், குளிர்நீர் ஹீட்டருக்குள் போகாமல் இந்தக் குறுக்கு வழியால் வந்து சூட்டோடு கலந்துவிடும். ஹீட்டர் தன் வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருக்கும். பழி மட்டும் அதன் தலையில்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு பாஸும் தேவையில்லை. ஹீட்டரின் சுவிச்சை அணையுங்கள். ஹீட்டருக்குள் தண்ணீர் போகும் வால்வை மூடுங்கள். இப்போது சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்து ஒரு நிமிடம் பொறுங்கள். தண்ணீர் கொஞ்சம் வந்து நின்றுவிட்டால் குறுக்கு வழி இல்லை. நிற்காமல் ஓடினால், ஹீட்டருக்குள் போகாத தண்ணீர் எங்கிருந்து வருகிறது? வீட்டிலுள்ள கலப்புக் குழாய்களை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வாருங்கள். எதை மூடும்போது நிற்கிறதோ அதுதான் குற்றவாளி. எல்லாவற்றையும் மூடியும் ஓடினால், ஏதோ ஒரு கலப்புக் குழாயின் உட்பகுதி தேய்ந்து உள்ளே கசிகிறது. அதை மாற்ற வேண்டும். பார்த்து முடிந்ததும் வால்வைத் திறந்து, தாங்கி நிரம்பிக் குழாயில் தண்ணீர் வந்த பிறகே சுவிச்சைப் போடுங்கள். வெறும் தாங்கியில் மின்சாரம் பாய்ந்தால் கம்பி எரிந்துவிடும்.

ஷவர் ஹீட்டரின் கதை முழுவதும் கணக்குத்தான். 3500 வாட் கருவி, நிமிடத்துக்கு 2 லீற்றர் ஓடும்போது தண்ணீரின் சூட்டை 25 பாகை உயர்த்தும். அதே தண்ணீரை 4 லீற்றராகத் திறந்தால் பன்னிரண்டு பாகைதான். 6 லீற்றரானால் எட்டு. ஆகவே சூடு போதாதென்று குழாயை இன்னும் அகலத் திறப்பவர் குளிரைத்தான் கூட்டிக்கொள்கிறார். கொஞ்சம் மூடிப் பாருங்கள்.

மின்னழுத்தமும் இதில் உண்டு. 230 வோல்ற்று வரவேண்டிய இடத்தில் 200 வந்தால் குறைவது எட்டில் ஒரு பங்குதானே என்று தோன்றும். ஆனால் ஹீட்டரின் வலு ஏறக்குறைய காற்பங்கு குறைந்துவிடும். 190 ஆனால் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். மஃரிபுக்குப் பிறகு இளஞ்சூடாகவும் நடுப்பகலில் நல்ல சூடாகவும் வந்தால், நோய் ஹீட்டரில் இல்லை, மின்கம்பியில் இருக்கிறது. குளிப்பை அஸருக்கு முன் வைத்துக்கொள்வது சுலபம்.

ஷவர் ஹீட்டர் சுத்தமாகச் சூடாகாமல் இருந்தால் தண்ணீர்த் தாங்கியின் உயரத்தைப் பாருங்கள். ஒரு மீற்றர் உயரம் தருவது பத்தில் ஒரு பங்கு 'பார்' அழுத்தம்தான். வேகம் போதாவிட்டால் கருவியின் உள் சுவிச் இயங்காது. தாங்கியை உயர்த்துவதோ, பம்ப் உள்ள கருவியை வாங்குவதோதான் வழி. அதற்கு முன் ஷவர் தலையையும் வடியையும் கழற்றிப் பாருங்கள். நமது கிணறுகள் பலவற்றின் நீரில் சுண்ணாம்பு அதிகம்; கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவது அதுதான். ஷவர் தலையை ஓர் இரவு வினாகிரியில் ஊறவைத்தால் துளைகள் திறந்துவிடும். தேசிக்காய்ச் சாறும் உதவும், நேரம்தான் கூடுதலாக எடுக்கும். தாங்கி வகையில் இந்தச் சுண்ணாம்பு கம்பியைப் போர்த்திக்கொண்டு அதை எரித்தேவிடும். உப்புக் கலந்த கிணற்று நீர் பாவிப்பவர்கள், தாங்கிக்குள் இருக்கும் மக்னீசியக் கோலையும் வருடத்துக்கொரு முறை பார்க்கச் சொல்ல வேண்டும். துருப்பிடிக்க வேண்டிய தாங்கிக்குப் பதிலாகத் தான் கரைந்து போவது அதன் வேலை. அது தீர்ந்தால் அடுத்தது தாங்கிதான்.

இனி, சூட்டைவிடப் பெரிய விஷயம். ஹீட்டரைப் போட்டதும் வீட்டின் ட்ரிப் சுவிச் விழுகிறது என்று ஒரு வயரிங் பாஸைக் கூப்பிடுகிறோம். அவர் ட்ரிப் சுவிச்சை விட்டு நேரே கம்பி கொடுத்துவிட்டுப் போகிறார். ஹீட்டரும் சுடுகிறது, எல்லோருக்கும் சந்தோஷம். தாய்மாரே, இதை ஒருபோதும் அனுமதிக்காதீர்கள். ட்ரிப் விழுந்ததன் பொருள், கம்பியின் உறை வெடித்து மின்சாரம் தண்ணீருக்குள் கசிகிறது என்பதாக இருக்கலாம். ஈரத் தரையில் வெறுங்காலோடு, பிள்ளையைக் கையில் ஏந்தி நிற்பவர் நீங்கள். 30 மில்லி அம்பியர் கசிந்தாலே விழுகின்ற சுவிச் இருக்க வேண்டும். மண்கம்பியும் இருக்க வேண்டும். காய்ந்த மணலில் மண்கம்பி மட்டும் சரியாக வேலை செய்யாது என்பதால் நமது ஊருக்கு அந்த சுவிச் இரட்டிப்பு அவசியம். வாளிக்குள் போடும் ஹீட்டர் கம்பியைப் பற்றிக் கேட்பவர்களுக்கு என் பதில் ஒன்றே: வேண்டாம். அடுப்பில் ஒரு பானை வைப்பது மேல்.

தாங்கி சூடாகும்போது பாதுகாப்பு வால்விலிருந்து சொட்டுச் சொட்டாக வடிந்தால் பயப்பட வேண்டாம். சூட்டில் தண்ணீர் விரிகிறது. 30 லீற்றரில் அரை லீற்றருக்குச் சற்றுக் குறைவாக வெளியேறும். அசிங்கமாக இருக்கிறதென்று அந்த வாயை அடைத்தால் தாங்கி வெடிக்கலாம்.

மின்கட்டணத்துக்குப் பயந்து தாங்கியின் சூட்டை 40 பாகையில் நிறுத்துவதும் நல்லதல்ல. தேங்கிய இளஞ்சூட்டு நீரில் லெஜியோனெல்லா என்ற கிருமி பெருகும். 1976இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகர ஹோட்டல் ஒன்றில் தங்கியவர்கள் இனந்தெரியாத நிமோனியாவால் இறந்தபோதுதான் இந்த நோய் வெளிச்சத்துக்கு வந்தது. முதியவர்களுக்கும் நெஞ்சு பலவீனமானவர்களுக்கும் ஆபத்து அதிகம். தாங்கியில் 60 வைத்து, குழாயில் கலந்து குறைத்துக்கொள்ளுங்கள். ஆனால் 60 பாகை நீர் பிள்ளையின் தோலைச் சில விநாடிகளில் வேகவைத்துவிடும். வாளியில் எப்போதும் குளிர்நீரை முதலில் ஊற்றி, பிறகு சூட்டைச் சேர்த்து, முழங்கையால் பார்த்த பிறகே பிள்ளையை இறக்குங்கள். 37, 38 பாகை போதும்.

மொட்டைமாடித் தாங்கியில் வெயிலால் சூடான நீரைக் குளிப்புக்குப் பாவிக்கலாமா என்ற கேள்வியும் அடிக்கடி வருகிறது. ஷாபிஈ மத்ஹபின் நூல்களில் வெயிலில் சூடாகிய நீர் மக்ரூஹ் என்று படித்தவர்களின் தயக்கம் இது. அந்தச் சட்டம், வெப்ப நாட்டில், தட்டி நீட்டக்கூடிய உலோகப் பாத்திரத்தில் சூடாகி, சூடு ஆறுமுன் உடலில் பாவிக்கும் நீரைப் பற்றியது. பிளாஸ்டிக் தாங்கிக்கு அது வராது. இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் 'அல்மஜ்மூஉ' நூலில் அதில் கராஹத் இல்லை என்பதையே சரியான கருத்தாகக் கொள்கிறார்கள். நெருப்பால் சூடாக்கிய நீரில் பேச்சே இல்லை. உறுப்புகளை நிறைவாகக் கழுவ விடாத அளவுக்குக் கடுஞ்சூடாகவோ கடுங்குளிராகவோ இருப்பதைத்தான் மத்ஹபில் வெறுக்கிறார்கள்.

கூரையில் வைக்கும் சூரிய வெப்பக் கருவிகளைப் பற்றி, மாரி மேகத்தில் அவை என்ன செய்யும் என்பதோடு சேர்த்து, அடுத்த மாதம் எழுதுவேன், இன்ஷா அல்லாஹ்.