ருகூவில் தெரியும் முதுகு

தொழுகை கற்பிக்கும்போது, ருகூவில் முதுகு சமமாக இருக்க வேண்டும் என்று பிள்ளைகளிடம் வலியுறுத்துகிறோம். அந்த முதுகின் வலப்புறமும் இடப்புறமும் ஒரே உயரத்தில் உள்ளனவா என்று எவரும் பார்ப்பதில்லை. மருத்துவர்கள் பார்ப்பது அதைத்தான். பிள்ளையை முழங்கால் மடக்காமல் முன்னே குனியச் செய்து, கைகளைத் தொங்கவிடச் சொல்லிப் பின்னாலிருந்து நோக்குவார்கள். ஒரு பக்க விலா மேடாக எழுந்து தெரிந்தால், முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்து முறுகியிருக்கக்கூடும். எக்ஸ்ரேயில் அவ்வளைவு 10 பாகையோ அதற்கு மேலோ இருந்தால் ஸ்கோலியோசிஸ் என்பர்.

வளரிளம் பருவத்தினர் 100 பேரில் இரண்டு மூன்று பேருக்கு இது உண்டு. புத்தகப் பையின் பாரம் இதற்குக் காரணமன்று. சிறு வளைவுகளில் ஆண், பெண் வேறுபாடு பெரிதில்லை. 30 பாகையைத் தாண்டியோரில் பெண் பிள்ளைகளே பன்மடங்கு அதிகம். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு எலும்பு அடர்த்தி குறைந்திருப்பதையும், அத்தகையோருக்கு வளைவு கூடும் அபாயம் மிகுதி என்பதையும் ஹாங்காங் ஆய்வாளர்கள் கண்டனர்.

மகன்களுக்கு இக்கவலை இல்லை என்று எண்ணிவிட வேண்டாம். அவர்கள் ஏறத்தாழ இரண்டாண்டு பிந்தியே பருவமடைகிறார்கள். எலும்பு இறுகுவதும் பிந்தியே. எனவே 13 வயது மகனின் அளவை 13 வயது மகளின் அளவோடு ஒப்பிடுவது பொருந்தாது. ஒத்த வயதுடைய ஆண் பிள்ளைகளோடு ஒப்பிட்டபோது, வளைவுள்ள மகன்களிடமும் குறைவு காணப்பட்டிருக்கிறது.

நம் மேலப்பாளையத்திலும் பேட்டையிலும் சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. பருவமெய்திய மகளின் முதுகைப் பெற்ற உம்மாவே பார்ப்பதில்லை. தோள் ஏறியிறங்கி இருப்பது தெரிந்த பின்னும், மாப்பிள்ளை வீட்டார் காதுக்கு எட்டிவிடுமே என்று மூடி வைக்கிறோம். இதற்கு மார்க்கத்தைச் சாட்சிக்கு இழுப்பதை என்னால் ஏற்க இயலாது. சிகிச்சைக்குத் தேவையான அளவு உடலை மருத்துவரிடம் காட்ட ஃபிக்ஹு இடமளிக்கிறது. பெண் மருத்துவர் இருந்தால் நன்று. இல்லையென்று காத்திருப்பது தகாது. ஏனெனில் பிரேஸ் என்னும் கவசம் வளர்ச்சி நிற்கும் வரைதான் பயன் தரும். 2013-இல் வெளியான அமெரிக்க, கனடா ஆய்வொன்றில், பிரேஸ் அணிந்தோரில் 72 சதவீதத்தினருக்கு வளைவு 50 பாகையை எட்டவில்லை. அணியாதோரில் அது 48 சதவீதமே. (ஆடைக்கு உள்ளே அணிவது அது, புர்காவுக்கு மேல் தெரியவும் தெரியாது.)

தாமிரபரணிக் கரையில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. ஆயினும் பள்ளிக்கூடம் விட்டால் வீடு, வீட்டில் பீடித்தட்டு என்றிருக்கும் பெண் பிள்ளைகள் மீது அது படுவதேயில்லை. மறைப்புள்ள மொட்டைமாடியில் கை கால்களில் வெயில் படட்டும். கேழ்வரகு, தயிர், முள்ளோடு மெல்லும் நெத்தலி, எள் ஆகியவை தட்டில் இருக்கட்டும்; மகனுக்குப் பரிமாறிய பின் மிஞ்சியதாக அல்ல. இவை வளைவை நிமிர்த்தா, எலும்பை வலுவாக்கும். நிமிர்த்தித் தருவதாக எண்ணெய் விற்போரை நம்ப வேண்டாம்.

10 வயதிலிருந்து வளர்ச்சி நிற்கும் வரை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை மகளை உம்மாவும் மகனை வாப்பாவும் குனியச் செய்து பாருங்கள். ஒரு பக்கம் எழுந்து தெரிந்தால் அடுத்த வாரமே பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனையின் எலும்பு மருத்துவப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.