ரவீனாவின் குரலும் பேராக்கின் பிள்ளைகளும்

2015-இல் வெளிவந்த ஷங்கரின் ‘ஐ’ படத்தில் எமி ஜாக்சன் கொஞ்சுவார், கோபிப்பார், விம்மி அழுவார். மேன் தீவில் பிறந்து லிவர்பூலில் வளர்ந்த பிரிட்டிஷ் பெண் அவர். அவர் வாயிலிருந்து வரும் தமிழில் தடுக்கல் இல்லை, திணறல் இல்லை. ஏனென்றால் அது அவருடைய தமிழே இல்லை. ரவீனா ரவி என்ற இளம் பெண் இருட்டறை ஒன்றில் மைக்கின் முன் நின்று பேசியது.

ரவீனாவுக்கு இந்தத் தொழில் வீட்டுச் சொத்து. அம்மா ஸ்ரீஜா ரவி தமிழிலும் மலையாளத்திலும் எத்தனையோ கதாநாயகிகளுக்குக் குரல் கொடுத்தவர். மகள் சிறு வயதிலேயே விளம்பரங்களுக்குப் பேசத் தொடங்கி, ‘சாட்டை’யில் (2012) மகிமா நம்பியாருக்கும் ‘மாஸ்டர்’ படத்தில் (2021) மாளவிகா மோகனனுக்கும் பேசினார். 2017-இல் ‘ஒரு கிடாயின் கருணை மனு’வில் நாயகியாக நடித்தார். ‘லவ் டுடே’, ‘மாமன்னன்’ ஆகியவற்றுக்குப் பிறகே பொதுமக்கள் பலருக்கு அவரைத் தெரிந்தது. அதற்கு முன்பே அவர் குரல் அவர்கள் வீட்டு வரவேற்பறைகளில் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. ஒரு குரல் கலைஞர் முகத்தைக் காட்டினால்தான் மதிப்பு என்ற நிலை நியாயமானதல்ல.

அந்த வேலையின் அருமையைக் கிட்டத்தில் போய்ப் பார்த்தால்தான் தெரியும். காதில் ஹெட்போன், எதிரே திரை, கையில் வசனத் தாள். படப்பிடிப்பில் பதிவான பைலட் டிராக் காதுக்குள் ஒலிக்கும். ‘ப’வும் ‘ம’வும் வருமிடத்தில் உதடு மூடியாக வேண்டும், நடிகையின் உதடு திரையில் மூடும் அதே நொடியில் பேசுகிறவரின் உதடும் மூட வேண்டும். ஒட்டவில்லையென்றால் வசனத்தையே அங்கே மாற்றி எழுதி மறுபடி முதலிலிருந்து. மலையேறி ஓடிவந்தவளின் மூச்சிரைப்பை, நின்ற இடத்தை விட்டு அசையாமல், மைக்கிலிருந்து விலகாமல் வரவழைக்க வேண்டும். இது நடிப்பில்லாமல் வேறென்ன?

இந்த நடிப்பு எப்படி மறைந்துபோகும் என்பதற்கு ‘மணிச்சித்திரத்தாழ்’ ஒன்றே போதும். 1993-இல் வந்த அந்த மலையாளப் படத்தில் நாகவல்லியாக ஷோபனா தமிழில் சீறுவது எல்லாருக்கும் நினைவிருக்கும். அந்தப் பாத்திரத்துக்காக அவர் தேசிய விருது பெற்றார். நாகவல்லியின் தமிழ்க் குரல் துர்கா என்ற தமிழ்க் கலைஞருடையது என்று இயக்குநர் பாசில் வெளியில் சொன்னது 2016-இல்தான். இருபது ஆண்டுகளுக்கு மேலாக அந்தப் புகழ் வேறொருவர் பெயரில் நின்றது.

பெயர் தெரிந்தவர்களுக்கும் பாதுகாப்பு உறுதியில்லை. 2018 அக்டோபரில் மீ டூ இயக்கத்தின்போது குரல் எழுப்பிய பாடகி சின்மயி, அடுத்த மாதமே டப்பிங் சங்க உறுப்பினர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார். சந்தா பாக்கி என்றது சங்கம். அவர் அதை மறுத்தார். ‘விண்ணைத்தாண்டி வருவாயா’விலும் ‘96’-இலும் திரிஷாவாகப் பேசிய குரல், 2023-இல் ‘லியோ’ வரும்வரை காத்திருக்க நேர்ந்தது.

நம் மலேசியாவுக்கு வருவோம். 2007-இல் தொடங்கிய ‘உப்பின் இப்பின்’ தொடரில் இரட்டைச் சிறுவர்கள் இருவருக்கும் முதலில் பேசியவர் நூர் ஃபாத்தியா டியாஸ் என்ற பள்ளிச் சிறுமி. பிறகு ‘போபோய்போய்’ கதாநாயகனின் குரலும் அவரே. மலாய்ப் பிள்ளைகளுக்கு இப்படியொரு வழி திறந்தது. பேராக் மாநிலத்திலேயே கோப்பேங் பக்கத்துக் கம்பத்தில் பிறந்த கார்ட்டூன் ஓவியர் லாட்டின் ‘கம்போங் பாய்’ 1990-களிலேயே கார்ட்டூன் தொடராகி, ஆனசி விழாவில் விருது வாங்கியது. தமிழ்ப் பிள்ளைகளுக்கு இந்த வழி இன்னும் அகலமாகத் திறக்கவில்லை.

திறமை இல்லாமலா? பேராக்கில் 130-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. வேறெந்த மாநிலத்திலும் இத்தனை இல்லை. அவற்றில் பல தோட்டத்துப் பள்ளிகளாகப் பிறந்தவை. கித்தா மரங்கள் போய்ச் செம்பனையும் வீடமைப்பும் வந்து, லயங்கள் காலியாகி, குடும்பங்கள் சுங்கை சிப்புட்டுக்கும் புந்தோங்குக்கும் ஈப்போவின் அடுக்குமாடிகளுக்கும் வந்து சேர்ந்தன. ஆண்டுதோறும் கதை சொல்லும் போட்டி என்றால், மேடையில் பாட்டியாகவும் புலியாகவும் மாறிப் பேசும் குழந்தைகளை ஒவ்வொரு பள்ளியிலும் காணலாம். கைதட்டல் முடிந்ததும் அந்தக் குரல்களைத் தேடி யாரும் வருவதில்லை.

சென்னைத் தமிழில்தான் பேச வேண்டும் என்ற எண்ணமும் ஒரு தடை. தோட்டத்தை விட்டுப் புறம்போக்குக் குடியிருப்புக்கு வந்த குடும்பத்தின் கதையைச் சொன்ன சஞ்சய் குமார் பெருமாளின் ‘ஜகாட்’ (2015), மலேசியத் தமிழர் வீட்டில் பேசும் தமிழையே பேசியது. மறு ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படம் என்ற விருதும் பெற்றது. ஈப்போ பிள்ளையின் வாயில் வரும் தமிழ் கார்ட்டூன் சிங்கத்துக்கும் பொருந்தும், ஒலிநூலுக்கும் பொருந்தும். உள்ளூரில் தமிழ் நிகழ்ச்சி தயாரிப்பவர்கள், வெளியிலிருந்து குரல் தருவிப்பதற்கு முன் நம் பள்ளிகளின் மேடைகளைப் பார்க்க வேண்டும். ஒலிப்பதிவுக் கருவி இன்று ஒரு மேசையில் அடங்கிவிடும். பயிற்சிக்குக் கோலாலம்பூர்தான் போக வேண்டும் என்பதும் இல்லை.

அவசரப்படுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. ‘லால் சலாம்’ (2024) பாடலில் மறைந்த பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ஆகியோரின் குரல்களை ஏ.ஆர்.ரஹ்மான் செயற்கை நுண்ணறிவால் மீண்டும் ஒலிக்க வைத்தார். குடும்பத்தாரிடம் அனுமதி கேட்டு, ஊதியமும் கொடுத்தே செய்ததாகச் சொன்னார். அந்த நேர்மை எல்லாரிடமும் இருக்கும் என்று நம்பிப் பதினாறு வயதுப் பெண் தன் குரலைப் பதிவு செய்து கொடுக்க முடியாது. பதிவு எதற்குப் பயன்படும், எத்தனை காலத்துக்கு, கணினிக்குக் கற்பிக்கக் கொடுக்கப்படுமா, பெயர் எங்கே வரும் என்பவற்றை முன்கூட்டியே தாளில் எழுத வேண்டும். ஈப்போவில் குறும்படமும் வலைத்தொடரும் எடுக்கும் இளைஞர்கள் இதை நாளைக்கே தொடங்கலாம். சங்கமோ அமைச்சோ சொல்லும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு பக்க ஒப்பந்தமும் படத்தின் பெயர்ப் பட்டியலில் ஒரு வரியும் போதும்.