டிசைன் படித்தால் வேலை கிடைக்காதா?

“படம் நல்லா வரைவாளா? அப்படின்னா டிசைன்ல சேருங்க. ஆனா வேலை கிடைக்காது, பார்த்துக்கோங்க.” இண்டஸ்ட்ரியல் டிசைன் படிக்கணும் என்று பிள்ளை வாயைத் திறந்ததுமே சொந்தக்காரர்கள் சொல்லும் புத்திமதி இது. இதைக் கேட்டு ஆசையை மூட்டைகட்டி வைத்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் படம். ஐ.ஐ.டி.களில் பி.டெஸ். என்ற டிசைன் பட்டப்படிப்பில் சேர்வதற்கான யுசீட் தேர்வில் 300 மதிப்பெண். அதில் 200 கணினியில் எழுதும் பகுதிக்கு. பெட்டியைத் திருப்பினால் எந்த முகம் தெரியும், இந்தப் பல்சக்கரம் சுழன்றால் அது எந்தப் பக்கம் சுழலும் என்ற வகைக் கேள்விகள் அங்கே வரும். பிளஸ் டூவில் எந்த குரூப் எடுத்தவரும் எழுதலாம். வரையத் தெரிய வேண்டும்தான், மனதில் இருப்பதை அடுத்தவருக்குக் காட்டுகிற அளவுக்கு.

“இன்ஜினியர் செய்து முடித்ததை அழகுபடுத்துவதுதானே டிசைனர்கள் வேலை?” என்பது அடுத்த வாதம். நாம் ஓட்டுப் போடும் இயந்திரத்தை நினைத்துப் பாருங்கள். அதைத் தயாரிப்பவை பி.இ.எல்., இ.சி.ஐ.எல். என்ற இரு பொதுத்துறை நிறுவனங்கள். அதன் வடிவமைப்பில் மும்பை ஐ.ஐ.டி.யின் தொழில் வடிவமைப்பு மையப் பேராசிரியர்கள் ஏ.ஜி. ராவ், ரவி பூவையா இருவருக்கும் பங்கு உண்டு. ஓட்டு ரகசியம். மறைப்புக்குள் பாட்டி தனியாகத்தான் போக வேண்டும். பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்கப் பேரன் போக முடியாது. பாட்டிக்கு எழுத்து தெரியாது. சின்னம் தெரியும். சின்னத்துக்கு நேரே நீல நிற பட்டன், அமுக்கினால் அதே வரிசையில் சிவப்பு விளக்கு, கூடவே நீண்ட ‘பீப்’. ஓட்டு விழுந்தது என்று பாட்டிக்குப் புரிந்துவிடுகிறது. வேலையைச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பைப் பொருளே ஏற்க வேண்டும் என்றால், அதை யோசிக்க ஓர் ஆள் வேண்டும். இது மேல்பூச்சு வேலையா?

கிரைண்டரை வடிவமைக்கப் போகும் மாணவரும் முதலில் அடுப்படியில் நின்று பார்க்க வேண்டும்: கல்லை எப்படித் தூக்குகிறார்கள், மாவை வழிக்கும்போது இடுப்பு எங்கே வலிக்கிறது என்று.

வேலைக்கு வருவோம். டாடா மோட்டார்ஸின் கார் வடிவமைப்பைப் பல ஆண்டுகள் தலைமையேற்று நடத்திய பிரதாப் போஸ், அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் (என்.ஐ.டி.) படித்தவர். வண்டிகள் மட்டுமல்ல, மிக்ஸி, மருத்துவக் கருவி, பொம்மை, பேக்கேஜிங், செல்போன் ஆப் எல்லாவற்றுக்கும் டிசைனர்கள் தேவை. ஐ.டி. கம்பெனி போல ஒரே நாளில் கும்பலாக ஆள் எடுக்க மாட்டார்கள் என்பது உண்மை. செய்த வேலைகளைத் தொகுத்த போர்ட்ஃபோலியோவைப் பார்த்துத்தான் எடுப்பார்கள். இது நேற்று முளைத்த படிப்பும் இல்லை: என்.ஐ.டி. 1961-லும் மும்பை மையம் 1969-லும் தொடங்கியவை.

ஒரே ஒரு பயம் நியாயமானது: பணம். அரசு நிறுவனங்களில் இடம் குறைவு, தனியார் கல்லூரிகள் பலவற்றில் கட்டணம் லட்சக்கணக்கில். ஆகவே பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பணம் கட்டுமுன் அந்தக் கல்லூரியின் பட்டறையைக் காட்டச் சொல்லுங்கள். மாணவர்கள் கையால் மரம் அறுத்து, களிமண் பிசைந்து மாதிரி செய்கிறார்களா என்று பாருங்கள். தரையில் மரத்தூளே இல்லையென்றால் அங்கே சேர்க்காதீர்கள்.